விஷத்துக்கும் உண்டு பிளஸ், மைனஸ்!

மண்ணில் ஒட்டிக்கொள்வது எது? கிணற்றுக்கு ஓடி வருவது எது?

இரண்டு கண்ணாடிப் புனல்கள். இரண்டிலும் ஒரே தோட்டத்து மண். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கண்ணாடித் தம்ளர்.

முதல் புனலில் ஊதாச் சாயத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஜென்ஷியன் வயலட் இருக்கிறதே, அந்தச் சாயந்தான். இரண்டாவது புனலில் ஈயோசின் என்ற சிவப்புச் சாயத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். பழைய நாளில் சிவப்பு மை செய்ய உதவிய சாயம் இது.

சற்று நேரத்தில் இரண்டு தம்ளர்களிலும் தண்ணீர் சொட்டத் தொடங்குகிறது. ஊதாச் சாயம் ஊற்றிய புனலில் இருந்து வருவது நிறமே இல்லாத தண்ணீர்! சாயத்தை மண் பிடித்துக்கொண்டுவிட்டது. சிவப்புச் சாயம் ஊற்றிய புனலில் இருந்து வருவதோ சிவப்புத் தண்ணீர்!

மண் ஒன்று. தண்ணீர் ஒன்று. பின் ஏன் இந்த வித்தியாசம்?

மண் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் செய்து காட்டும் வேடிக்கை இது. வேடிக்கைதான். ஆனால் வயலில் தெளிக்கும் மருந்தும், ஆலையில் இருந்து வெளியேறும் கழிவும், குடிக்கிற கிணற்றுத் தண்ணீருக்கு வந்து சேருமா, சேராதா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்த இரண்டு தம்ளர்களில் இருக்கிறது.

மண்ணுக்குள் மின்சாரம்

உலர்ந்த தலைமுடியில் சீப்பை நாலைந்து தடவை அழுத்தி இழுத்து, சிறு காகிதத் துண்டுகளின் அருகே கொண்டுபோங்கள். காகிதம் துள்ளி வந்து சீப்பில் ஒட்டிக்கொள்ளும். சீப்பில் மின்சாரம் ஏறிவிட்டது என்பது பொருள்.

மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு. டார்ச் லைட் பாட்டரியைப் பார்த்தால் ஒரு முனையில் பிளஸ் குறி இருக்கும், மறு முனை மைனஸ். பிளசும் மைனசும் ஒன்றையொன்று இழுக்கும். பிளசும் பிளசும் தள்ளும். மைனசும் மைனசும் தள்ளும். இவ்வளவு தெரிந்தால் போதும், மேலே போகலாம்.

களிமண் துகள் மிக மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை 500 பங்கு போட்டால், அதில் ஒரு பங்கை விடச் சிறியது. அது தகடு தகடாக இருக்கும். பூமியில் அந்தத் தகடு உருவாகும்போதே, சில இடங்களில் அலுமினியம் இருக்கவேண்டிய இடத்தில் மக்னீசியம் உட்கார்ந்துவிடுகிறது. மக்னீசியத்துக்கு ஒரு பிளஸ் குறைவு. அதனால் தகடு முழுவதும் மைனஸ் ஆகிவிடுகிறது. சீப்பில் ஏறிய மின்சாரம் சற்று நேரத்தில் இறங்கிவிடும். களிமண்ணின் மைனஸ் இறங்குவதே இல்லை.

கரிசல் நிலத்தில் இந்த வகைக் களிமண் ஏராளம். அதில் ஒரு கிராம் எடுத்து, அதன் தகடுகளை எல்லாம் பிரித்துப் பரப்ப முடிந்தால் சுமார் 700 சதுர மீட்டர் இடத்தை அடைக்கும். நம் கணக்கில் மூன்று கிரவுண்டு மனை! அத்தனை இடமும் மைனஸ். இலை தழை மக்கி உண்டாகும் கறுப்பு மக்கும் மைனஸ்தான். வெறும் மணலில் மட்டும் இந்தச் சக்தி மிகக் குறைவு.

இப்போது புனல் ரகசியம் விளங்கும். ஜென்ஷியன் வயலட் தண்ணீரில் கரைந்தால் பிளஸ். மண் அதை இழுத்துக்கொண்டது. ஈயோசின் மைனஸ். மண் அதைத் தள்ளிவிட்டது. அது தண்ணீரோடு நடையைக் கட்டியது.

பாதிரியாரின் தொட்டி

இந்த உண்மை தெரிந்து நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கண்டுபிடிக்க முதலில் வழிகாட்டியது மாட்டு மூத்திரம்!

இங்கிலாந்தில் ஹக்ஸ்டபிள் என்று ஒரு பாதிரியார் இருந்தார். விவசாயத்தில் பைத்தியம் பிடித்தவர். தொழுவத்துக் கழிவு நீரைத் தொட்டியில் சேர்த்து வைத்திருந்தார். ஒரு நாள் அதைச் சாதாரணத் தோட்ட மண் வழியாக வடித்துப் பார்த்தார். நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. எருவாக உள்ளே போனது தண்ணீராக வெளியே வந்தது.

அதே காலத்தில் தாம்சன் என்ற யார்க்‌ஷயர் பண்ணைக்காரருக்கு வேறொரு கவலை. எருவின் சத்தை மழை அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று பயந்தார். அமோனியம் சல்பேட் உரத்தை மண்ணில் போட்டுத் தண்ணீர் விட்டார். கீழே வந்தது அமோனியம் சல்பேட் அல்ல, கால்சியம் சல்பேட்! அதாவது, மண் அமோனியாவை வாங்கி வைத்துக்கொண்டு, தன்னிடம் இருந்த சுண்ணாம்புச் சத்தைப் பதிலுக்குக் கொடுத்து அனுப்பியது. பண்டமாற்று வியாபாரம்!

ஜான் தாமஸ் வே என்ற ரசாயன நிபுணர் இதை முறையாக ஆராய்ந்து 1850-லும் 1852-லும் வெளியிட்டார். அமோனியா, பொட்டாஷ் போன்றவற்றை மண் பிடித்துக்கொள்கிறது. நைட்ரேட்டையும் குளோரைடையும் விட்டுவிடுகிறது. பிடிப்பது மணல் அல்ல, களிமண் என்றும் அவர் காட்டினார். பிளஸ், மைனஸ் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. அது பின்னால் வந்தது.

பயிர் உயிரோடு இருப்பதே இந்தப் பண்டமாற்றால்தான். ஆனால் அந்தக் காலத்தில் இல்லாத சரக்குகள் இப்போது மண்ணில் விழுகின்றன. மண்ணோ பழைய சட்டத்தையே நடத்துகிறது. பிளசா? உள்ளே வா. மைனசா? நடையைக் கட்டு!

ஒட்டிக்கொள்ளும் விஷம்

பாரக்குவாட் என்ற களைக்கொல்லி 1962-ல் கடைக்கு வந்தது. பொல்லாத விஷம். வயிற்றுக்குள் போனால் முறிக்க மருந்து கிடையாது. ஐரோப்பிய நாடுகளில் 2007-ல் இருந்து அதற்கு அனுமதி இல்லை.

இவ்வளவு கொடிய சரக்கு, களிமண்ணைத் தொட்டவுடனே கட்டுண்டு போகிறது! காரணம், அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு பிளஸ் இருக்கிறது. களிமண் தகடுகளின் இடுக்கில் போய் அது படுத்துவிடுகிறது. பச்சை இலையில் பட்டால் இலை கருகும். மண்ணில் விழுந்தால் அடுத்து முளைக்கும் செடியைக் கூட அது ஒன்றும் செய்வதில்லை.

பெண்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் முல்தானி மிட்டியும் ஒரு களிமண்தான். பாரக்குவாட் யார் வயிற்றிலாவது போய்விட்டால், ஆஸ்பத்திரியில் இந்த வகை மண்ணைச் சுத்தம் செய்து, தண்ணீரில் குழைத்து உடனே புகட்டுவது உண்டு. கரித்தூளும் கொடுப்பார்கள். குடலில் இருக்கும்போதே விஷத்தை மண் பிடித்துக்கொள்ளட்டும் என்ற முயற்சி அது. இரத்தத்தில் ஏறிய பிறகு மண்ணால் பயன் இல்லை.

ஒட்டிக்கொண்ட விஷம் ஒழிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. களிமண்ணில் கட்டுண்ட பாரக்குவாட் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். தகட்டுக்குள் நுழைந்து அதைத் தின்ன நுண்ணுயிர்களால் முடியவில்லை. பெருமழையில் வயல் மண் கரைந்து ஓடினால், மண் சவாரியில் அதுவும் போகும். ஆற்றுத் தண்ணீர் தெளிந்திருந்தாலும் அடியிலுள்ள சேற்றில் இருக்கும்.

திருப்பூர் உப்பு

இனி மைனஸ் பக்கம் வருவோம். இதற்கு நம் ஊரிலேயே ஒரு சங்கதி இருக்கிறது.

பருத்தி நூல் தண்ணீரில் நனைந்தால் இலேசாக மைனஸ் ஆகிறது. திருப்பூர் பனியனுக்கு ஏற்றும் ரீயாக்டிவ் சாயங்களும் மைனஸ். நூல் சாயத்தைத் தள்ளுகிறது! எப்படிச் சாயம் ஏறும்? அதற்காகத்தான் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பிலுள்ள சோடியம் பிளஸ். அது இரண்டு மைனசுக்கும் நடுவில் நின்று சண்டையை விலக்குகிறது. சாயம் நூலை நெருங்குகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் முதல் 100 கிராம் வரை கூட உப்புப் போடுவது உண்டு.

போட்ட உப்பு நூலில் ஏறாது. முழுவதும் கழிவு நீரில் போய்விடும். சாயத்திலும் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று, நான்கு பங்கு வரை பிடிக்காமல் வெளியேறும். பல ஆண்டுகள் இவை நொய்யலில் கலந்தன. பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவின் தேக்கமாயிற்று. உழவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011-ம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. கழிவு நீரில் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்தவேண்டும் என்ற நிபந்தனையின் மேல்தான் பட்டறைகள் பிறகு திறந்தன.

சாயத்துக்கு நிறம் உண்டு. உப்புக்குக் கரிப்பு உண்டு. கண்ணும் நாக்கும் காட்டிக்கொடுத்துவிடும். நிறமும் ருசியும் இல்லாத ஒரு மைனஸ் சரக்கு கிணற்றுக்குள் வந்தால்?

அப்படித்தான் வந்தது, அமெரிக்காவில்.

சாகும் மாடுகள்

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஒஹையோ ஆற்றங்கரையில் பார்க்கர்ஸ்பர்க் என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகில் டூபாண்ட் கம்பெனியின் பெரிய ஆலை. ஒட்டாத சட்டிகளுக்குப் பூசும் டெஃப்லான் அங்கே தயாராயிற்று. டெஃப்லான் செய்யும்போது அதன் துகள்கள் தண்ணீரில் கட்டி தட்டாமல் இருக்க, சோப்பு மாதிரி ஒரு சரக்கு தேவைப்பட்டது. 1951-ல் இருந்து அதைப் பயன்படுத்தினார்கள். ஆலைக்காரர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் சி-8.

சி-8 மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். வாலில் கார்பன் அணுக்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றி ஃபுளோரின் அணுக்கள் கவசம் போட்டது போல் நிற்கின்றன. கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்தால் பிரிப்பது மகா கஷ்டம். நுண்ணுயிர் கடிக்காது. வெயில் அழிக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. தலையோ மைனஸ். தண்ணீரில் கரையும், களிமண்ணில் நிற்காது. அழியாத உடம்பும் ஓடுகிற காலும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும்?

ஆலைக் கழிவைக் குழிகளில் விட்டார்கள். குழியின் அடியில் தளம் போடவில்லை. வெறும் மண். கழிவின் ஒரு பகுதி வேறொரு பள்ளத்தாக்கில் கொட்டப்பட்டது. அங்கிருந்து ஓடிய ஓடையில் ஒரு விவசாயியின் மாடுகள் தண்ணீர் குடித்தன. மாடுகள் மெலிந்தன. நுரை தள்ளின. ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. உள்ளூரில் அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1998-ல் அவர் ராப் பிலாட் என்ற வக்கீலுக்கு டெலிபோன் செய்தார். பிலாட் அதுவரை ரசாயனக் கம்பெனிகளுக்காக வாதாடி வந்தவர்! அவருடைய பாட்டி அந்தப் பக்கத்து ஊரில் வசித்தார். அந்த உறவு விட்டுப்போகாமல் அவர் வழக்கை எடுத்துக்கொண்டார். 1999-ல் வழக்கு தாக்கலாயிற்று. கோர்ட்டு உத்தரவின் பேரில் கம்பெனி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை அனுப்பியது. பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய காகிதங்களைப் பிலாட் தரையில் உட்கார்ந்து தேதிவாரியாக அடுக்கிப் படித்தார். அந்தக் குவியலுக்குள் இருந்துதான் சி-8 வெளியே வந்தது. ஊர்க் குடிதண்ணீரில் அது கலந்திருப்பது கம்பெனிக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும் என்பதும் வெளியே வந்தது.

ஆற்றைத் தாண்டியது எப்படி?

ஆலைக்கு எதிர்க்கரையில் லிட்டில் ஹாக்கிங் என்ற சிற்றூர். அது ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்தது. அந்த ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் கிணறுகளிலும் சி-8 இருந்தது. நடுவில் அவ்வளவு பெரிய ஆறு ஓடுகிறது. அக்கரைக் கழிவு இக்கரைக் கிணற்றுக்கு எப்படி வரும்?

காற்றில் வந்தது! ஆலைப் புகைபோக்கியில் இருந்து கிளம்பிய சி-8, காற்றோடு ஆற்றைத் தாண்டி எதிர்க்கரை நிலத்தில் படிந்தது. மழை பெய்தது. மேல் மண் அதைக் கொஞ்சம் தடுத்தது. தலை மைனஸ் ஆனாலும் வால் தண்ணீருக்குப் பிடிக்காத வால். அந்த வால் மண்ணிலுள்ள மக்கில் சற்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் நிரந்தரமாக ஒட்டாது. அடுத்த மழையில் விடும். மறுபடி ஒட்டும், மறுபடி விடும். ஊருக்கு ஊர் நின்று போகும் பாசஞ்சர் ரயில் மாதிரி, தாமதமானாலும் போய்ச் சேர்ந்துவிடும். மக்கைத் தாண்டினால் கீழே ஆற்றங்கரை மணலும் சரளையும். தடையே இல்லை.

இந்த நின்று போகும் பயணத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆலை புகை விடுவதை நிறுத்தினாலும் மேல் மண்ணில் தங்கியது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். குழாயை மூடிய பிறகும் ஈரத்துணி சொட்டுவது போல.

2004-ல் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. மக்களின் உடம்பைச் சோதிக்க ஏற்பாடாயிற்று. ஏறக்குறைய 70 ஆயிரம் பேர் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தார்கள். ஒரு நதிப் பள்ளத்தாக்கே கையை நீட்டியது! நிபுணர் குழு 2012-ல் ஆராய்ச்சியை முடித்தது. சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு நோய், பெருங்குடல் புண், கொலஸ்டிரால் மிகுதி, கர்ப்ப கால இரத்த அழுத்தம் ஆகிய ஆறுக்கும் சி-8-க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று தீர்மானித்தது. 2017-ல் கம்பெனித் தரப்பு சுமார் 67 கோடி டாலர் கொடுத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைத் தீர்த்துக்கொண்டது.

உடம்புக்குள் போனதும் சி-8 இரத்தத்திலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அதில் பாதி வெளியேறவே சுமார் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. களிமண் வைத்துக்கொள்ள மறுத்ததை மனித இரத்தம் வைத்துக்கொள்கிறது!

குடிதண்ணீரில் இது எவ்வளவு இருக்கலாம்? அமெரிக்க அரசு 2024-ல் வைத்த உச்ச அளவு, ஒரு லட்சம் கோடி பங்கு தண்ணீரில் நாலு பங்கு. இதை எப்படிப் புரிந்துகொள்வது? மேட்டூர் அணை 120 அடி நிரம்பித் தளும்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தண்ணீரிலும் சேர்த்து பத்தரைக் கிலோ கலந்தால் அந்த அளவு எட்டிவிடும்.

சட்டத்துக்கு விலக்கு

மைனஸ் எல்லாம் ஓடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. செம்மண்ணுக்குச் சிவப்பு கொடுப்பது இரும்புத் துரு. மண்ணில் புளிப்பு ஏறினால் அந்தத் துரு பிளஸ் ஆகும். அப்போது அது மைனஸ் சரக்குகளைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மைனஸ்தான். ஆனாலும் இரும்பையும் அலுமினியத்தையும் இறுகக் கட்டிக்கொண்டு மண்ணிலேயே தங்கும். சூப்பர் பாஸ்பேட் போன்ற உரத்தை அதிகம் போட்டால், பாஸ்பேட் அதே இடத்துக்குப் போட்டி போட்டு அதைக் கிளப்பிவிடக்கூடும். 2,4-டி என்ற இன்னொரு மருந்து, மண்ணின் புளிப்பு ஏற ஏறத் தன் மைனசை இழந்து மண்ணில் தங்கத் தொடங்கும். சுண்ணாம்பு மண்ணில் ஓட்டமாக ஓடும். ஒரே மருந்து ஒரு ஊர்க் கிணற்றுக்கு வரும், பக்கத்து ஊர்க் கிணற்றுக்கு வராது. மருந்து டப்பாவைப் படித்தால் மட்டும் போதாது, மண்ணையும் பார்க்கவேண்டும் என்று மண் நிபுணர்கள் சொல்வது இதனால்தான்.

தேங்காய்ச் சிரட்டைக் கரி

தண்ணீரில் கலந்த சி-8-ஐ எடுக்க வழி உண்டா? உண்டு. கரி! தேங்காய்ச் சிரட்டையையோ நிலக்கரியையோ பக்குவமாகச் சுட்டுச் செய்த கரியில் கோடானுகோடி நுண்துளைகள். சி-8-இன் வால் அதில் ஒட்டிக்கொள்ளும். லிட்டில் ஹாக்கிங் தண்ணீர் கரித் தொட்டிகளின் வழியாக வடிக்கப்பட்டுத்தான் வீடுகளுக்குப் போகிறது.

இன்னொரு வழி, ரெசின் மணிகள். மண்ணின் பண்டமாற்றைப் பார்த்து, 1935-ல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இரண்டு ஆங்கில விஞ்ஞானிகள் செயற்கைப் பொருளில் இதைச் செய்து காட்டினார்கள். களிமண் மைனஸ்தானே? இந்த மணிகளில் ஒரு வகையைப் பிளசாகச் செய்துவிட்டார்கள். மண் விரட்டும் மைனஸ் சரக்கை இந்த மணி வாங்கிக்கொள்ளும். தலைகீழ்க் களிமண்!

கரியும் சரி, மணியும் சரி, ஒரு நாள் நிரம்பிவிடும். மாற்றவேண்டும். மாற்றிய கரியை எங்கே போடுவது என்பது அடுத்த தலைவலி. மிகுந்த சூட்டில் எரித்தால்தான் உள்ளிருப்பது அழியும்.

சி-8-ஐப் படிப்படியாகக் கைவிட அமெரிக்கக் கம்பெனிகள் 2006-ல் ஒப்புக்கொண்டன. 2009-ல் அதற்குப் பதிலாக ஜென்-எக்ஸ் என்ற சரக்கு வந்தது. இதன் வால் குட்டை. தலை அதே மைனஸ். 2017-ல் வட கரோலினா மாநிலத்தில் கேப் ஃபியர் ஆற்றில் அது இருப்பது பத்திரிகையில் வெளியாயிற்று. அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் வில்மிங்டன் நகரத்து மக்கள் குடித்து வந்தார்கள். வால் குட்டையானதால் மக்கில் அது அதிகம் ஒட்டுவதில்லை. கரியிலும் அவ்வளவாக நிற்பதில்லை. சி-8-க்குப் போட்ட கரியை விட இதற்குப் போட்ட கரியைச் சீக்கிரமாகவே மாற்றவேண்டியிருக்கிறது.